ஓட்டில் எழுதிய ஓட்டு

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் 1937-ஆம் ஆண்டு ஒரு பழங்கிணற்றை அகழ்ந்தபோது சுமார் 190 ஓட்டாஞ்சில்லுகள் கிடைத்தன. பெரும்பாலும் உடைந்த கிண்ணங்களின் அடிப்பாகங்களான அவற்றில் அந்நகரின் பண்டைய அரசியல்வாதியான தெமிஸ்டோக்ளிஸின் பெயர் மட்டுமே கீறப்பட்டிருந்தது. ஆனால் கீறிய கைகள் பதினான்குதான் என்பதை எழுத்தமைதி காட்டிக்கொடுத்தது. பண்டைய ஏதென்ஸில் ஓர் அரசியல்வாதியைப் பத்தாண்டுகளுக்கு நாடு கடத்துவதற்கான வாக்கெடுப்பில் குடிமக்கள் பெயரெழுதிப் போட்டவை இத்தகைய சில்லுகளே. எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதச் சோம்பியவர்களுக்கும் கொடுப்பதற்காக ஒரு கோஷ்டி முன்கூட்டியே தயாரித்து வைத்தவை இவை என்றே கருதப்படுகிறது.

அந்தச் சில்லைக் கையில் எடுக்கும் உரிமையே சிலருக்குத்தான் இருந்தது. கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் ஒருவர் குடிமகனாக முடியும். அவர்களிலும் வயதுவந்த ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் இவர்கள் ஏறத்தாழ 30,000 பேர் எனவும், பெண்கள், குழந்தைகள், அடிமைகள், குடியேறிகள் உட்பட மொத்த மக்கள்தொகை இரண்டரை முதல் மூன்று லட்சம் எனவும் மதிப்பிடுகின்றனர். அரசியலை ஆராய்ந்த அரிஸ்டாட்டிலே ஸ்டாகிரா என்ற வேறொரு கிரேக்க நகரிலிருந்து வந்த குடியேறி என்பதால், பல்லாண்டு வாழ்ந்த அந்நகரில் அவருக்கு வாக்கு இல்லை.

அவர் பதிவு செய்த ஒரு கருத்து இன்றைய வாசகரைத் திகைக்க வைக்கும்: பதவிகளைச் சீட்டுக் குலுக்கி நிரப்புவதே மக்களாட்சி, தேர்தல் நடத்துவது சிலராட்சி. படைத்தலைவர்கள் பத்துப் பேரைக் கையுயர்த்தித் தேர்ந்தெடுத்த ஏதென்ஸ், 500 பேர் கொண்ட ஆட்சிமன்றத்தைக் குலுக்கலிலேயே அமைத்தது. அதில் ஒருவர் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அமர இயலாது. உத்திரமேரூரின் குடவோலையும் குலுக்கல்தான். நிலமும் வேதக்கல்வியும் இல்லாதவரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவில்லை.

நீதிமன்றத்துக்கு நடுவர்களைப் பொறுக்க ஒரு கல் எந்திரமே இருந்தது. வரிசை வரிசையாகத் துளைத்த பலகைக்கல்லில் பெயர்ச்சீட்டுகளைச் செருகிவிட்டு, பக்கவாட்டுக் குழாயில் கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கலந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றாக விழும் காய்களில் வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுவதும் அன்றைய நடுவர்கள், கறுப்பு வந்தால் வீடு திரும்ப வேண்டியதுதான். யார் நடுவராவார் என்பது அன்று காலைவரை தெரியாததால், யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்பதும் தெரியாது.

இதைவிட நுட்பமானது தீர்ப்பளிக்கும் முறை. ஒவ்வொரு நடுவருக்கும் நடுவே சிறு அச்சு பொருத்திய இரண்டு வெண்கல வில்லைகள் தரப்படும். துளையுள்ள அச்சு வழக்குத் தொடுத்தவருக்கு, துளையற்றது எதிராளிக்கு. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அச்சின் இருமுனைகளையும் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. தீர்ப்புக்குரியதை வெண்கலக் கலத்திலும், மற்றதை மரக்கலத்திலும் இடுவார்கள்; எண்ணிக்கை சமமானால் வெற்றி எதிராளிக்கே. இத்தனை கவனத்தோடு விசாரிக்கப்பட்ட வழக்கு ஒரு பெண்ணைப் பற்றியதே ஆனாலும், அவளுக்காக மன்றத்தில் வாதாடியவர் அவளுடைய ஆண் காப்பாளர்.