பழைய பைக் கடையும் நெஞ்சு எக்ஸ்ரேயும்

மூச்சு வாங்குகிறது என்று வரும் எழுபது, எழுபத்தைந்து வயதுக்காரர்களிடம் "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால், கடைசியாகப் பார்த்த வேலையைத்தான் சொல்வார்கள். பஸ் ஓட்டினேன், சர்க்கரை ஆலையில் ஸ்டோர் கீப்பர், மாநகராட்சியில் கிளார்க். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நெஞ்சக நோய் பார்க்கும் எனக்கு அது போதாது. "அதற்கு முன்னால், அங்கிள்? பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு என்ன செய்தீர்கள்?" என்று தோண்ட வேண்டும். அப்போதுதான் கிளேர்வுட், மெரிபேங்க் என்று இந்தியர்கள் வாழ்ந்த டர்பன் பகுதிகளும் கிரே தெருச் சந்துகளும் வெளியே வரும். சிலருக்கு அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் கடையும் இருக்கும்.

கடைப் பேச்சு வந்துவிட்டால் இருமல்கூட மறந்துபோகும். தகரக் கொட்டகை, வாசலில் வரிசையாக பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், மேட்ச்லெஸ். பிறகு ஹோண்டாவும் யமஹாவும் வந்து சேர்ந்த கதை. "ஒழுகுகிற எண்ணெயைப் பிடிக்க பிரிட்டிஷ் பைக்குக்கு அடியில் டின் வைக்காமல் நிறுத்தவே மாட்டோம், டாக்டர். ஹோண்டா வந்ததும் டின்னுக்கு வேலை போச்சு" என்றார் ஒருவர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடத்துக்குப் போனது (1981இல் அதை மூடிவிட்டார்கள்), எங்கள் நாட்டுப் பந்தய வீரர் கார்க் பாலிங்டன் 1978, 1979 இரண்டு வருடமும் 250, 350 சிசி இரண்டிலும் உலகப் பட்டம் வாங்கியது எல்லாம் நேற்று நடந்த மாதிரி வரும். வெளியே அடுத்த நோயாளி காத்திருப்பார். நான் தடுப்பதில்லை.

நிறத்தைப் பார்த்து வேலை கொடுத்த காலம் அது. முறையான பயிற்சி ஒப்பந்தம் கிடைத்த இந்தியப் பையன்கள் குறைவு. மற்றவர்கள் கடைக்குள் நுழைந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, டீ வாங்கி வந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் கையில் காசு. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு பேச்சிலும் நான் காத்திருப்பது பிரேக் வேலைக்கு. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தட்டை வெளியே எடுத்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் டிரம்மைத் தரையில் கவிழ்த்து ஒரு தட்டு. சாம்பல் நிறப் பொடி கொட்டும். ஒட்டியிருப்பதை வாயால் ஊதுவார்கள். கம்ப்ரசர் இருந்தால் காற்றுக் குழாயால் அடிப்பார்கள். அப்புறம் புது லைனிங்கை, அதாவது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையை, பிரேக் ஷூ என்ற வளைந்த உலோகத் துண்டில் ரிவெட் அடித்து, டிரம்முக்குள் சரியாக உட்காரும்வரை ஓரத்தை அரத்தால் ராவி, மேலே உப்புத்தாள் போடுவார்கள். இது கடையில் சின்னப் பையன் வேலை. மூலையில் குந்தி உட்கார்ந்து, மடியில் ஷூவை வைத்துக்கொண்டு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ராவுவது.

அந்தக் காலத்து லைனிங்கில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். டிரம்முக்குள் இருந்த பொடியை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதிகம் விசாரிப்பது அரத்தைப் பற்றி. பிரேக் பிடிக்கும் சூட்டில் கல்நார் இழைகளில் பெரும்பகுதி ஃபார்ஸ்டரைட் என்ற வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. பழைய பொடியில் மிஞ்சுகிற இழை கொஞ்சம். சூடே படாத புது லைனிங்கை ராவும்போது அப்படி ஒரு சலுகை கிடையாது, இழை இழையாகவே பறக்கும்.

சரி, இதற்காக எவ்வளவு பயப்பட வேண்டும்? கல்நார் என்றாலே இந்த நாட்டில் குருமான், பிரீஸ்கா பக்கத்துச் சுரங்கங்கள்தான் நினைவுக்கு வரும். 1960இல் வாக்னர் என்ற மருத்துவ ஆய்வாளரும் சகாக்களும் 33 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரைதான் மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும் அந்த வட்டாரத்து நீலக் கல்நாருக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டியது. சுரங்கத்துக்குள் இறங்காமல் அந்த ஊர்களில் குடியிருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பிரேக் லைனிங்கில் இருந்ததோ பெரும்பாலும் வெள்ளைக் கல்நார். அதுவும் புற்றுநோய் தரக்கூடியதுதான். ஆனாலும் மெக்கானிக்குகளிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில் மீசோதீலியோமா தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே கடையில் இரண்டு வருடம் இருந்தவர் இன்றைக்கே உயிலெழுத வேண்டாம். மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடவும் வேண்டாம்.

சொல்லாமல் விடுவதுதான் உண்மையில் நடக்கிறது. கல்நார் நோய்கள் தலைகாட்ட இருபது முதல் ஐம்பது வருடம் ஆகும். 1972இல் ராவியது 2020இல் வந்து நின்றால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவது? எங்கள் மாகாணத்தில் இருமல் என்றால் முதலில் டி.பி. சோதனை, அது சரிதான், அதைத் தவிர்க்கக்கூடாது. டி.பி. இல்லை என்று வந்த பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை, ஒரு பக்கம் நெஞ்சு வலி, எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் நீர் என்றால், பழைய வேலையைப் பற்றி மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் உறைத் தடிப்பு தெரிகிறது என்று மட்டும் சொன்னால் பதற வேண்டாம். அது கல்நார் பட்டதற்கான தழும்பு, புற்றுநோய் இல்லை. சிகரெட்டை மட்டும் இன்றோடு விடுங்கள். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ஏறும்.

வீட்டுக்காரம்மாவையும் கேட்க வேண்டும். வேலை ஓவராலைத் துவைப்பதற்கு முன்னால் கொல்லையில் உதறியது யார்? அந்தத் தூசி அவர் மூச்சிலும்தான் போயிருக்கும். இருமலோடு வருகிற ஆயாக்களிடம் கணவர் பார்த்த வேலையைக் கேட்டால், 'இது எதற்கு?' என்பதுபோலப் பார்ப்பார்கள்.

பெட்ரோலில் கை கழுவுவது, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது பற்றித் தனியாகவே எழுதலாம். 2006 வரை இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் விற்றார்கள் என்பதையும், உறிஞ்சும்போது நுரையீரலுக்குள் போன ஒரு மடக்கு பெட்ரோல் ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும் என்பதையும் மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது பேரப் பிள்ளைகள் தாத்தாவின் பைக்கைக் கராஜிலிருந்து இழுத்துப் புதுப்பிக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். தென்னாப்பிரிக்காவில் கல்நாருக்கு 2008 மார்ச்சில் தடை வந்தது. ஆனால் தாத்தாவின் டிரம்முக்குள் இருப்பது தடைக்கு முந்தைய ஷூ. பிரிக்காத பழைய பெட்டியில் 'ஒரிஜினல்' என்று வாங்கும் லைனிங்கும் அப்படித்தான். ஊதாதீர்கள், காற்று அடிக்காதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுக்காதீர்கள். தண்ணீரை நன்றாகத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் ஷூவையும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்கள். அதைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கக்கூடாது. அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டை உதவாது. கல்நார் இல்லாத லைனிங் ஒட்டித் தரும் இடங்கள் இருக்கின்றன. ராவுகிற வேலையை அவர்களிடம் விடுங்கள்.

நோய் உறுதியானால், வேலையால் வரும் காயத்துக்கும் நோய்க்கும் பணம் தரும் 1993இன் இழப்பீட்டுச் சட்டத்தில் கல்நார் நோய்களுக்கு இடம் உண்டு. ஊழியராக இருந்தவருக்குத்தான், சொந்தமாகக் கடை வைத்து நடத்தியவருக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஒரே தூசியைத்தான் இருவரும் சுவாசித்தார்கள். கடை எப்போதோ மூடியிருக்கும், முதலாளி இறந்திருப்பார், சம்பளச் சீட்டு அன்றைக்கே கிடையாது. முதலாளியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஊழியரே பிரமாண வாக்குமூலம் கொடுக்கலாம். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்தத் தெருக் கடை, வாரத்துக்கு ஏறக்குறைய எத்தனை பிரேக் வேலை, ராவியது யார் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். கடை வாசலில் எடுத்த பழைய போட்டோ இருந்தால் ஒரு நகல் சேருங்கள். கூட வேலை பார்த்த ஒருவர் இன்னும் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வாக்குமூலத்தில் முத்திரை போட்டுத் தர போலீஸ் ஸ்டேஷனில் காசு வாங்குவதில்லை.