மோதல் காதல்: ‘எனிமீஸ் டு லவ்வர்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

கடலோரத்தில் ஒரு பழைய வீடு. இறந்துபோன பாட்டி அதைப் பேத்திக்கும், அவளுக்குக் கண்டாலே ஆகாத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஆளுக்குப் பாதியாக எழுதி வைத்துவிட்டார். விற்க வேண்டுமென்றால் கோடை முழுவதும் இருவரும் சேர்ந்து அதைப் பழுது பார்த்தாக வேண்டும். மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். இப்படி எதிரிகள் காதலர்களாகும் புதினங்களைத்தான் ‘எனிமீஸ் டு லவ்வர்ஸ்’ என்கிறார்கள். கோடையில் நடந்து, சிரிக்கவும் வைத்தால் ‘சம்மர்’, ‘ரொமான்டிக் காமெடி’ என்ற சொற்களும் பெயரில் சேர்ந்துகொள்ளும். அந்த முழுப்பெயருக்கும் தமிழ் தேட வேண்டும். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் வெறுப்பு எந்த இடத்தில், எந்தச் சொல்லில் இளகுகிறது என்று பார்க்கத்தான் வாசிக்கிறோம்.

ரசிகர்கள் எழுதும் புனைகதைகளில் குறிச்சொல்லாகப் புழங்கிப் பரவிய பெயர் இது. இப்போது பதிப்பகங்களும் விளம்பரத்தில் போடுகின்றன. கதையமைப்பு மட்டும் மிகப் பழையது. 1600-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தில் பியாட்ரிஸும் பெனடிக்கும் பார்த்த இடத்திலெல்லாம் வாய்ச்சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்கு நாடகத்திலேயே ‘குதூகலப் போர்’ என்று ஒரு பெயர் வருகிறது. இந்த வகைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

‘எனிமி’ என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் மூலம் லத்தீனின் ‘இனிமிகஸ்’. ‘அமிகஸ்’ என்றால் நண்பன்; முன்னால் எதிர்மறை ஒட்டு சேர்ந்து ‘நண்பன் அல்லாதவன்’ ஆகிறது. அந்த ‘அமிகஸ்’ அன்பு செய்தலைக் குறிக்கும் ‘அமாரே’ என்ற வினையோடு உறவுடையது. ஆக, எதிரியைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே அன்பின் வேர் இருக்கிறது.

பழந்தமிழும் இதே வழியில் யோசித்திருக்கிறது. பகைவரைக் குறிக்க நண்ணார், ஒன்னார், கூடார், சேரார் என்று எத்தனை சொற்கள்! நண்ணுதல் என்றால் நெருங்குதல், நெருங்காதவர் நண்ணார். ஒன்றாதவர் ஒன்னார், கூடாதவர் கூடார். எல்லாமே எதிர்மறையால் ஆனவை. தீயவர், கொடியவர் என்ற பொருள் இவற்றின் வேரில் இல்லை. நம்மோடு சேராதவர் என்பது மட்டும்தான்.

சரி, அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘பகைவர் காதலராதல்’ என்றால் பொருள் சரிதான், ஆனால் பகை என்றதும் நமக்குக் குலப்பகையும் பழிவாங்கலும் நினைவுக்கு வந்துவிடும். இந்தப் புதினங்களில் யாரும் யாரையும் அழிக்கக் கிளம்புவதில்லை. ‘ஊடல்’ அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. ஊடல் காதலித்த பிறகு வருவது. ‘உப்பமைந் தற்றால் புலவி’, அதாவது ஊடல் உணவில் அளவாக அமைந்த உப்பைப் போன்றது என்கிறார் வள்ளுவர். சமைத்த உணவில்தானே உப்பின் அளவைப் பார்க்க முடியும்? நம் கதையில் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

சரியான சொல்லை மக்களே முன்பே சொல்லிவிட்டார்கள். ‘மோதலில் தொடங்கி காதலில் முடிந்தது’ என்று பேச்சிலும் பத்திரிகைகளிலும் காலங்காலமாக எழுதிவருகிறோம். ஆகவே ‘மோதல் காதல்’ என்பதே என் தேர்வு. எதுகை மட்டும் காரணம் இல்லை. மோத வேண்டுமென்றால் நெருங்கி வந்தாக வேண்டும். விலகியே நிற்கும் நண்ணார் இருவருக்கு மோதல்தான் முதல் நெருக்கம். ஆங்கிலப் பெயர் தொடக்கத்தையும் முடிவையும் சொல்கிறது. நம் பெயர் ஒன்று மற்றொன்றாகும் வழியையும் சேர்த்துக் காட்டுகிறது.

‘ரொமான்டிக் காமெடி’ என்பதைக் ‘காதல் நகைச்சுவை’ எனலாம், அதில் சிக்கல் ஏதும் இல்லை. நகை பிறக்கும் நான்கு இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றைச் சொல்கிறது. முதலில் நிற்பது எள்ளல். மோதல் காதலின் சிரிப்பு பெரும்பாலும் அந்த ஒன்றிலிருந்தே வருகிறது. எள்ளுவதற்காகவே ஒருவரை ஒருவர் அத்தனை கூர்ந்து கவனிக்கிறார்கள். அந்தக் கவனிப்புதான் பிறகு காதலாகிறது.

அப்புறம் ‘சம்மர்’. கோடை என்றால் வெயில்தான் முன்னால் வரும். மேல்காற்றுக்கும் அதுவே பெயர். விடுமுறையைச் சொல்லும்போது கோடை சரி, காதலுக்கு வேனில்தான் பொருந்தும். மன்மதனுக்கே வேனிலான் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் திணை இலக்கணத்தில் வேனில் பாலைக்கு உரிய பொழுது, பாலையோ பிரிவுக்கு உரியது. குளிர்நாட்டு எழுத்தாளர்களுக்கு அது சந்திப்பின் பருவம், நம் மரபில் பிரிவின் பருவம். இரண்டும் இந்தப் புதினங்களில் இருக்கின்றன. விடுமுறை முடிந்தால் ஆளுக்கொரு ஊர் என்ற பயம் கடைசி அத்தியாயங்கள் முழுக்க ஓடும்.

முழுப்பெயர் வேண்டுமென்றால் ‘வேனில்கால மோதல் காதல் நகைச்சுவைப் புதினம்’. பேச்சுக்கு ‘மோதல் காதல் கதை’ போதும்.