மேட்டூர் திறப்பும் மின்திட்டக் கெடுக்களும்

மின் கட்டண மனுக்களைப் படித்து, விவசாயச் சங்கங்களுக்கு ஆட்சேபணை மனு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல் ஒன்று உண்டு. காவிரி டெல்டாவில் உள்ள ஏதாவது ஒரு துணை மின் நிலையத்தின் எதிர்காலத்தையே பல ஆவணங்கள் வெவ்வேறு காலக்கெடுவில், வெவ்வேறு அனுமானங்களோடு கணக்கிடுகின்றன.

மத்திய மின்சார ஆணையம் தேசிய மின் திட்டத்தை 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வகுக்கிறது. மத்திய மின் அமைச்சகம் 2023 ஜூனில் வெளியிட்ட வளப் போதுமை (தேவைக்குப் போதிய மின்சாரத்தை முன்கூட்டியே உறுதிசெய்தல்) வழிகாட்டுதல்களின்படி, மின் விநியோக நிறுவனம் அடுத்த 10 ஆண்டுகளுக்கான தேவையைத் தொடர்ந்து புதுப்பித்துத் திட்டமிட வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் பிறப்பித்த பல்லாண்டுக் கட்டண ஆணை 2022-23 முதல் 2026-27 வரையிலான காலத்துக்கானது. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் ஆட்சியர் தலைமையில் தனியாக இயங்குகிறது. ஒன்றின் முடிவு மற்றொன்றுக்குத் தொடக்கமாக வேண்டிய இந்த வேலைகள், நடைமுறையில் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை.

இதனால் வரும் நட்டம் பம்புசெட் கணக்கில்தான் பளிச்சென்று தெரிகிறது. இலவச விவசாய மின் இணைப்புகள் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லாததால், மாதிரி மீட்டர்களில் ஒரு குதிரைத்திறனுக்குப் பதிவாகும் அளவை மொத்தக் குதிரைத்திறனோடு பெருக்கி நுகர்வை மதிப்பிடுகிறார்கள். ஆனால் டெல்டாவில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை மேட்டூர் அணையின் நீர்மட்டமும் தீர்மானிக்கிறது. வழக்கமான நாளான ஜூன் 12 அன்று 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட அணை திறக்கப்படவில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் பம்புசெட் உள்ளவர்கள்தான் துணிந்து குறுவை நடுகிறார்கள், நாற்றங்கால் முதல் கதிர் வரை நிலத்தடி நீரை நம்பி. அந்த மாதங்களில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஒரு ஃபீடரில், அதாவது ஒரே மின் வழித்தடத்தில், உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மின்சாரத்தை இழுக்கின்றன. கடைசி டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் கருகுகிறது. மழைப்பொழிவு மாறுவதைப் பற்றிய மாவட்டக் காலநிலை அறிக்கையின் கணிப்பு, இந்தப் பம்புசெட் மதிப்பீட்டுக்குள் வந்து சேரவே வழியில்லை என்றால், அந்த அறிக்கை யாருக்காக எழுதப்படுகிறது?

அடுத்தது நவம்பர். மின்சாரச் சட்டம் 2003இன் 64ஆவது பிரிவு, முறையான விண்ணப்பம் கிடைத்த 120 நாட்களுக்குள் ஒழுங்குமுறை ஆணையம் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஏப்ரல் 1 அன்று புதிய கட்டணம் நடைமுறைக்கு வர வேண்டுமானால், நவம்பர் இறுதிக்குள் மின் விநியோக நிறுவனத்தின் மனு அங்கே போய்ச் சேர வேண்டும். 2018இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது நவம்பர் 16 அன்று. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட மாதத்தில் களத்துப் பொறியாளர்கள் கம்பம் நடுவார்களா, மனுவுக்குக் கணக்குச் சரிபார்ப்பார்களா? மனுவுக்குப் பிறகு ஆட்சேபணையும் கருத்துக்கேட்பும் தை, மாசியில், அதாவது சம்பா அறுவடையோடு, மோதும். களத்து மேட்டை விட்டுவிட்டுக் கருத்துக்கேட்புக்குப் பஸ் ஏறுபவர்கள் சிலரே.

120 நாள் கெடு சட்டத்தில் உள்ளது; அதை நகர்த்துவதற்கில்லை. முந்தைய வேலைகளை வரிசைப்படுத்த முடியும் என்பதே என் கருத்து. பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில் சேத மதிப்பீடு, குறுவைக்கு முன்பு மாவட்டக் காலநிலைக் கணிப்பு, அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு செப்டம்பருக்குள் 10 ஆண்டுத் தேவைத் திட்டம், அதன் எண்களையே வைத்து நவம்பரில் கட்டண மனு என்று அமைத்தால், நாகையிலும் வேளாங்கண்ணியிலும் மேற்கொள்ளப்பட்ட புதைவடப் பணி (மின்கம்பிகளை நிலத்தடியில் பதிப்பது) போன்றவை வேறு எந்த ஊருக்கு முதலில் தேவை என்பதை முதலீட்டுத் திட்டத்திலேயே பார்த்துவிடலாம். அதிகாரிகளின் கூடுதல் கூட்டங்களைவிட, ஒரே தேவை எண்ணை எல்லா ஆவணங்களிலும் கட்டாயமாக்குவது பெரிய பயன் தரும்.

அடுத்த கட்டணக் காலம் 2027 ஏப்ரலில் தொடங்க வேண்டும். அதற்கான மனு வெளியானதும் சங்கங்கள் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: மனுவில் உள்ள விவசாய மின் தேவை, வளப் போதுமைத் திட்டத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா? மேட்டூர் தாமதமாகத் திறக்கும் ஆண்டுக்குத் தனிக் கணக்கு உண்டா? குறித்த நாளுக்குள் எழுத்தில் கொடுத்த ஆட்சேபணைக்கு மனுதாரர் பதில் அளிக்க வேண்டும் என்பதால், கருத்துக்கேட்புக்கு நேரில் போக முடியாதவர்களும் இதைச் செய்யலாம்.