திறந்த கால் முறிவில் எலும்பு எப்படிக் கூடுகிறது?

முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், எலும்பு நேராகக் கையில் தட்டுப்படும். அங்கே அதைப் போர்த்தியிருப்பது தோல் மட்டும்தான், தசை கிடையாது. அதனால் விபத்தில் இந்த எலும்பு முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு எளிதாக வெளியே வந்துவிடும். இதுதான் திறந்த முறிவு.

ஒரு காலத்தில் இதற்கு வைத்தியம், பெரும்பாலும் காலையே வெட்டி எடுப்பதுதான். விட்டுவைத்தால் சீழ் பிடித்து உயிர் போகும். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுச் சிறுவனின் காயத்தில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.

சரி, கிருமி உள்ளே போவதுதான் பிரச்சினை என்றால், மருந்து கொடுத்தால் முடிந்ததா? இல்லை. எலும்புக்கு இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது: உள்ளே மஜ்ஜைக் குழிக்குள் ஓடும் தமனி, வெளியே எலும்பைச் சுற்றிய உறையும் அதை ஒட்டிய தசையும். முறிவு முதல் வழியை அறுத்துவிடுகிறது. அடியின் வேகத்தில் உறையும் சதையும் உரிந்துபோனால் இரண்டாவது வழியும் அடைபடும். ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் போகாது, ஆன்டிபயாட்டிக்கும் போகாது, புது எலும்பு கட்டும் செல்களும் போகாது. அதனால் எக்ஸ்ரேயில் தெரியும் முறிவைவிட, எக்ஸ்ரேயில் தெரியாத சதைச் சேதம்தான் முக்கியம் என்பேன். எலும்பு மருத்துவர்கள் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976-இல் வெளியிட்ட வகைப்பாடும் காயத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான சுத்தமான காயத்தில் தொற்று சுமார் 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சதை பெரிதும் சிதைந்த மூன்றாம் வகையில் 10 முதல் 50 சதவீதம் வரை போகிறது.

ஆன்டிபயாட்டிக்கின் பங்கு 1974-இல் தெளிவானது. பட்சாகிஸ் குழுவின் ஆய்வில் மருந்தே பெறாதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குத் தொற்று. செஃபலோத்தின் என்ற ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. முதல் ஊசி எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தே ஆக வேண்டும் என்ற பழைய விதி, 1898-இல் கினிப் பன்றிகளில் நடந்த சோதனையிலிருந்து வந்தது. பின்னாளைய ஆய்வுகள் பலவற்றில் அந்த எல்லைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கடிகாரத்தைவிட, செத்த திசுவை ஒன்றுவிடாமல் வெட்டி நீக்குவதுதான் பெரிது. கழுவ சோப்புக் கரைசலைவிட வெறும் உப்புநீரே மேல் என்று 2015-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது.

அப்புறம் மூடுவது. தோல் போதாவிட்டால் ரத்த ஓட்டமுள்ள தசையைக் கொண்டுவந்து எலும்பின்மேல் போர்த்துகிறார்கள். முதல் மூன்று நாட்களுக்குள் இதைச் செய்தால் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று 1986-இல் அறுவை மருத்துவர் கோடினா காட்டினார். தாமதித்தால், எலும்பைப் பிடித்து நிறுத்தப் பொருத்திய உலோகத்தின்மேல் பாக்டீரியா படலமாகப் படிந்துகொள்ளும். அதன்பின் மருந்து லேசில் ஊடுருவாது.

தொற்றால் எலும்புத் துண்டையே நீக்க நேர்ந்தாலும் வழி உண்டு. காலைச் சுற்றி வெளியே மாட்டும் இலிசரோவ் வளையத்தைப் பூட்டி, நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, அந்தத் துண்டை இடைவெளியை நோக்கி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால் பின்னால் புது எலும்பு வளரும். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிக்கு நகர்த்தலுக்கே ஐம்பது நாள். அது கெட்டிப்பட இன்னும் பல மாதங்கள். அதுவரை வளையம் காலிலேயே இருக்கும்.