நெற்றியில் அக்கி, கையில் பக்கவாதம்

அவசரச் சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தவருக்கு வயது 44. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. முந்தைய நாள் மாலை இடது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. "அசதியாக இருக்கும், தூங்கினால் சரியாகிவிடும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பேச்சும் குழறியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் இரவோடு போய்விட்டது.

வலது புருவத்துக்கு மேல் புதிதாக ஆறிய தழும்புகள் தெரிந்தன. கேட்டேன். "அது அக்கி டாக்டர். மூன்று வாரமாகிறது. குயவரிடம் காவியால் எழுதினோம், இறங்கிவிட்டது" என்றார் அவருடைய அம்மா.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸின் வேலை. சிறுவயதில் அம்மை இறங்கிய பிறகும் அது உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. பல ஆண்டுகள் கழித்து விழித்துக்கொண்டு நரம்பு வழியே தோலுக்கு வந்தால் அக்கி. முகத்துக்கு வரும் நரம்பின் இழைகள் மூளையின் ரத்தக்குழாய்களுக்கும் போகின்றன. வைரஸ் அந்த வழியில் இறங்கினால் குழாயின் சுவர் அழற்சியால் தடித்து, உள்வழி குறுகி, ரத்தம் உறைகிறது. அக்கி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஆவதில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் பக்கவாத வாய்ப்பு அக்கி வராதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்றது 2009-இல் வெளியான ஒரு தைவான் ஆய்வு.

அக்கி எழுதுவதை நான் கேலி செய்வதில்லை. என் பாட்டியும் அதற்காக என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர்தான். ஆனால் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி காய்வதற்குக் காத்திருக்கும்போது அந்த மூன்று நாள் கரைந்துவிடுகிறது. நெற்றி, இமை, மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள், கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். பிறகு வாய் கோணினாலோ கை தொய்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 108; அக்கி வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். இளவயதுப் பக்கவாதத்தில் நாங்களே அதைக் கேட்க மறப்பதுண்டு.

எம்.ஆர்.ஐ.யில் வலது மூளையின் ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூலாக மெலிந்திருந்தது. முதுகில் எடுத்த தண்டுவட நீரிலும் அந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. 14 நாள் அசைக்ளோவிர் ஊசி, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. போன முறை வந்தபோது சட்டையைத் தானே போட்டு வந்திருந்தார். கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னமும் மனைவியின் வேலை.