மறுகால் தண்ணீர் எங்கே போகும்?

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர்கள் எட்டு. பெல்ட் வழுக்கினால் உடனே தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு தண்டிலும் ஒரு பிராக்சிமிட்டி சென்சார் வைத்தோம். தண்டில் உள்ள போல்ட் எதிரே வரும்போதெல்லாம் சென்சார் 24 வோல்ட் தரும். எட்டையும் ஒரே சமயத்தில் எண்ண ஓர் எஃப்பிஜிஏ போர்டு. எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் லாஜிக்கை நாமே எழுதி மாற்றிக்கொள்ளும் சிப். இந்த வேலைக்கு அது அதிகப்படிதான். கையில் இருந்தது, போட்டேன்.

சிப்பின் பின்னுக்கு, அதாவது சிக்னல் நுழையும் காலுக்கு, 3.3 வோல்ட்தான் கணக்கு. சென்சாருக்கும் பின்னுக்கும் நடுவில் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும் வைத்தேன். நன்றாகவே ஓடியது. சாயங்காலம் ஆலை நின்றதும் போர்டின் சப்ளையைக் கழற்றினேன். கூட இருந்த தம்பி, "அண்ணாச்சி, வயரப் புடுங்கியாச்சு, லைட்டு இன்னும் எரியுதே?" என்றான். போர்டின் சிவப்பு எல்இடி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் லாஜிக்கை நாமே எழுதி மாற்றிக்கொள்ளும் சிப். 1985-ல் சைலிங்ஸ் கொண்டுவந்த முதல் எஃப்பிஜிஏ 5 வோல்ட்டில் ஓடியது. அப்புறம் டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, அதன் ‘கேட்’ என்ற முனையில் இருக்கும் ஆக்சைடு படலமும் சில நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தது. வோல்ட் கூடினால் அது ஓட்டை விழுந்து போகும். அதற்காகத்தான் பல சிப்களில் ஒவ்வொரு பின்னிலிருந்தும் சிப்புக்குச் சப்ளை தரும் 3.3 வோல்ட் லைனுக்கு ஒரு டயோடு இருக்கும். பின்னில் வரும் வோல்ட் அந்த லைனைவிட அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் டயோடு திறந்து, உபரியை லைனுக்குள் தள்ளிவிடும்.

நம்மூர்க் குளத்து மறுகால் போலத்தான். குளம் நிறைந்தால் மறுகால் பாயும், கரை தப்பும். ஆனால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. அங்கே மடை திறந்திருக்காவிட்டால் அந்தக் கரை உடையும். நான் மறுகாலை மட்டும் பார்த்தேன், கீழ்க்குளத்தைப் பார்க்கவில்லை. ஒரு சென்சாரிலிருந்து சுமார் 2 மில்லி ஆம்பியர். எட்டும் சேர்ந்தால் 16. 3.3 லைனுக்குச் சப்ளை தரும் சாதாரண ரெகுலேட்டருக்கு மின்னோட்டத்தைக் கொடுக்கத் தெரியும், திரும்ப வாங்கத் தெரியாது. சிப் அவ்வளவையும் செலவழிக்காவிட்டால் 3.3 லைனே மேலே ஏறும். போர்டுக்குச் சப்ளையே இல்லாதபோது, போல்ட் எதிரே நின்றுபோன சென்சார்கள் பின் வழியாகவே போர்டுக்குச் சோறு ஊட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது அப்படித்தான். இரண்டு நாளில் ஒரு பின் செத்தது.

மின்னழுத்தத்தைப் பங்கிடுவது ஒரு வழி. 15 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் தொடராக வைத்து நடுவில் எடுத்தால் 24 வோல்ட் 2.8 ஆகும், சப்ளை 28-க்கு ஏறினாலும் 3.3-ஐத் தாண்டாது. வெறும் 5 வோல்ட் சிக்னல் என்றால் 3.3-ல் ஓடும் 74எல்விசி245 என்ற பஃபர் சிப் போதும், அதன் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும். ஆனால் ஆலையில் பெரிய மோட்டார்கள் கிளம்பும்போது வயரில் வரும் குதியாட்டத்தை இவை தடுக்காது.

அங்கே ஆப்டோகப்ளர்தான் சரி. பிசி817 என்ற ஆப்டோகப்ளருக்குள் ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியைப் பார்க்கும் டிரான்சிஸ்டர். நடுவில் வெளிச்சம் மட்டுமே கடக்கும். 4.7 கிலோ ஓம் தொடரில் வைத்தால் எல்இடிக்குக் கிட்டத்தட்ட 5 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் லேசாகச் சுடும், கால் வாட் போதும். அந்த எல்இடி தலைகீழாக 6 வோல்ட்தான் தாங்கும், அதனால் எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டயோடு. மறுபக்கம் சிக்னலை 3.3-க்கு மேலே இழுத்துப் பிடிக்க 10 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர். இத்தனையும் செய்துவிட்டு இரண்டு பக்கத்து கிரவுண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. சுவர் கட்டி, நடுவே வாசல் வைத்த கதைதான்.

ஆப்டோவின் சிக்னல் மெதுவாக ஏறும். 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் சிப் 10 நானோ நொடிக்கு ஒரு தடவை பார்க்கும், ஒரே போல்ட்டைப் பல தடவை எண்ணிவிடும். ஒரு மில்லி நொடி நிலையாக நின்றால்தான் கணக்கில் எடு என்று லாஜிக்கில் எழுதினேன்.

செத்த பின்னை உயிர்ப்பிக்க முடியாது. பின் ஒதுக்கீட்டில் ஒரு வரியை மாற்றி, ஐந்தாம் எலிவேட்டரைச் சும்மா கிடந்த பக்கத்துப் பின்னுக்குக் கொண்டுபோனேன். இப்போது வயரைப் பிடுங்கினால் விளக்கு உடனே அணைகிறது.