கிரைசோபோகன்: தமிழில் பொற்றாடிப்புல்

கிரைசோபோகன் என்பது புல் குடும்பமான போயேசியேவில் வரும் ஒரு பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. சோளம், மக்காச்சோளம், கரும்பு, எலுமிச்சைப்புல் எல்லாம் அடங்கிய ஆண்ட்ரோபோகனியே என்ற பெரும்பிரிவில்தான் இதுவும் சேர்கிறது. பெயரை 1820-இல் வைத்தவர் தாவரவியலாளர் டிரினியஸ். கிரேக்கத்தில் 'கிரைசோஸ்' பொன், 'போகோன்' தாடி.

தாடி எங்கே இருக்கிறது? பூங்கதிரின் ஒரு கிளையைக் கிள்ளி லென்ஸில் பாருங்கள். நுனியில் மூன்று சிறுகதிர்கள் சேர்ந்திருக்கும். நடுவில் காம்பில்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் விதை பிடிப்பது. காம்புள்ள இரண்டும் அதற்குத் துணை. நடுக்கதிரின் அடி ஊசிபோல் கூராக இருக்கும். அந்த முனையைச் சுற்றிப் பொன்னும் பழுப்பும் கலந்த மயிர் அடர்ந்திருக்கும். அதுதான் தாடி.

நீலகிரியில் முக்குருத்தி, அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளிகளில் தூர் தூராக நிற்கும் கிரைசோபோகன் நோடுலிபார்பிஸ் இந்தப் பேரினம்தான். டிசம்பர், ஜனவரி உறைபனியில் மேலே கருகி வைக்கோல் நிறமாகிவிடும், அடித்தூர் சாகாது. மழை விழுந்ததும் அதே தூரிலிருந்து தளிர்விடும். பல்லாண்டுப் புல் என்பது இதைத்தான். வரையாடு மேய்வது இப்படிப்பட்ட புல்வெளிகளில்தான். சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் நட்டு அழித்தது போக மிஞ்சியதையாவது 'சும்மா கிடக்கும் புல்' என்று சொல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அப்புறம், வெட்டிவேர். அதுவும் இன்று இதே பேரினம்தான். பானைத் தண்ணீரில் போடுகிறோமே, அதே வேர். லின்னேயஸ் 1771-இல் அதை வேறொரு பேரினத்தில் வைத்து, சிசானியாய்டிஸ் என்று பெயரிட்டார். 1822-இல் அதற்கு வெட்டிவேரியா என்று தனிப் பேரினமே அமைந்தது. தமிழர் மண்ணை வெட்டி எடுத்த வேரின் பெயர் அப்படியே லத்தீனுக்குள் போய் உட்கார்ந்தது! 1960-இல் ராபர்ட்டி என்ற தாவரவியலாளர் இந்தப் புல்லைக் கிரைசோபோகனுக்குள் சேர்த்தார்; இன்றைய வகைப்பாடும் அதையே ஏற்கிறது. சிறுகதிர் அமைப்பில் இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்க முடியவில்லை என்பதே காரணம். வகைப்பாட்டளவில் சரிதான். ஆனாலும் ஒரு தமிழ்ச்சொல் பேரினப் பெயரிலிருந்து இறங்கிப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? பொன்னும் தாமரையும் சேர்ந்தால் பொற்றாமரை. மதுரைக் குளத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே புணர்ச்சிதான்: பொன், தாடி, பொற்றாடி. பேரினத்துக்குப் பொற்றாடிப்புல் என்பது பொருளுக்கும் பொருந்தும், வாய்க்கும் வரும். 'தங்கமுடிப்புல்' என்றால் தாடி போய்விடும், வேண்டாம். நோடுலிபார்பிஸ் என்பதற்குக் கணுவில் தாடி உள்ளது என்று பொருள். அதைக் கணுத்தாடிப்புல் எனலாம். வெட்டிவேருக்கு மட்டும் புதுப்பெயர் எதுவும் தேவையில்லை.